கிறிஸ்தவர்களும் ஒரே கடவுள் என்கிறார்களே, பிறகு குர்ஆன் எதை மறுக்கிறது?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: விடுதியில் உங்களோடு தங்கியிருக்கும் கிறிஸ்தவத் தோழி, "நாங்கள் மூன்று கடவுள்களை வணங்குகிறோம், மரியாளையும் கடவுளாக்கிவிட்டோம் என்று உங்கள் குர்ஆன் சொல்கிறது. நாங்கள் அப்படி நம்புவதே இல்லை" என்று சொல்லியிருக்கிறார். உங்களுக்குப் பதில் தெரியவில்லை. இரண்டு பேரும் வணங்குவது ஒரே இறைவனைத்தானா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டு மூன்று வசனங்களுக்கு விளக்கம் கேட்பதுபோல இருக்கிறது. ஆனால் உங்களை உறுத்துவது வேறு என்று நினைக்கிறேன். கிறிஸ்தவர்கள் உண்மையில் எதை நம்புகிறார்களோ அதைத்தான் இஸ்லாம் மறுக்கிறதா, அல்லது அவர்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் வாயில் திணித்து மறுக்கிறதா? அதற்கே பதில் சொல்கிறேன்.

நான் மதரஸாவில் ஓதி, இப்போது அகீதா (இஸ்லாமிய நம்பிக்கைக் கொள்கை) பாடம் நடத்துபவன். அப்பாஸியர் காலத்தில் முஸ்லிம் அறிஞர்களும் அரபுக் கிறிஸ்தவ அறிஞர்களும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்ட மறுப்பு நூல்களைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். நடுநிலையாளனாக அல்ல, முஸ்லிமாகவே எழுதுகிறேன். அல்லாஹ் ஒருவன், அவனுக்கு மகனும் இல்லை, நிகரும் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அடுத்தவர் நம்பிக்கையை அவரே "ஆமாம், இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்லிக்காட்ட முடியாதவருக்கு அதை மறுக்கும் தகுதியும் இல்லை என்பதிலும் எனக்குச் சந்தேகம் கிடையாது. நம் பக்கத்து மேடைப் பேச்சுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன.

முதலில் தோழி எதை நம்புகிறார் என்று பார்ப்போம். கடவுள் ஒருவரே, அந்த ஒரே கடவுளில் பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள்கள், மூவருக்கும் சாரம் ஒன்று. ஒருவர் மற்றவர் அல்லர், ஆனால் மூவரும் மூன்று கடவுள்கள் அல்லர். இதன் அடிப்படையை கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள் வகுத்தார்கள். 381-இல் கான்ஸ்டான்டினோபிள் சங்கம் பரிசுத்த ஆவியைப் பற்றிய பகுதியை விரித்தது. தமிழ்த் தேவாலயங்களில் இன்றும் சொல்லப்படும் விசுவாச அறிக்கையில் கிறிஸ்துவைப் பற்றி "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்று வருவது அங்கிருந்து வந்ததுதான். பிறகு 451-இல் கல்செதோன் சங்கம், இயேசு என்ற ஒரே ஆளில் இறையியல்பு, மனித இயல்பு இரண்டும் கலக்காமலும் பிரியாமலும் இருக்கின்றன என்றது. எகிப்திலும் சிரியாவிலும் இருந்த பல திருச்சபைகள் அதை ஏற்கவில்லை. பாரசீகப் பேரரசில் இருந்த கிழக்கின் திருச்சபை தன் வழியில் போனது. ஆக, குர்ஆன் அருளப்பட்ட ஏழாம் நூற்றாண்டில் அரேபியாவைச் சுற்றி இருந்தது ஒரே மாதிரியான கிறிஸ்தவம் அல்ல. ஈஸா (அலை), அதாவது இயேசு, எந்த வகையில் இறைவன் என்பதில் தங்களுக்குள்ளேயே கடுமையாகச் சண்டையிட்டுக்கொண்டிருந்த சபைகள் அவை.

இப்போது குர்ஆனுக்கு வருவோம். வசனங்களை நேரடியாகப் படித்தால் அது மறுக்கும் கூற்றுகள் தெளிவாகத் தெரியும். "மர்யமின் (மரியாளின்) மகன் மஸீஹ்தான் (கிறிஸ்துதான்) அல்லாஹ்" என்று சொல்வதை மறுக்கிறது (5:17, 5:72). "அல்லாஹ் மூவரில் மூன்றாமவன்" என்று சொல்வதை மறுக்கிறது (5:73). "மஸீஹ் அல்லாஹ்வின் மகன்" என்பதை மறுக்கிறது (9:30). "மூன்று என்று சொல்லாதீர்கள்" என்கிறது (4:171). இவற்றில் எந்த இடத்திலும் அந்த மூவர் இன்னின்னார் என்ற பட்டியல் இல்லை. "அல்லாஹ், ஈஸா, மர்யம் ஆகிய மூவர்தான் கிறிஸ்தவர்களின் மூவொருமை" என்று குர்ஆன் எங்கும் வரையறுக்கவில்லை. இது உறுதியாகச் சொல்லக்கூடியது; தோழியிடம் புத்தகத்தைத் திறந்தே காட்டலாம். அந்த மூவரை அடுக்கியது சில விரிவுரையாளர்கள். அவர்களிலும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்லவில்லை. 923-இல் மறைந்த இமாம் தபரீ, 5:73-க்கு விளக்கம் எழுதும்போது, ஒரே சாரம் மூன்று "உக்னூம்"களை உள்ளடக்கியது என்பதே கிறிஸ்தவர்களின் கூற்று என்று பதிவு செய்கிறார். உக்னூம் என்பது அரபுக் கிறிஸ்தவர்களே "ஆள்" என்ற பொருளில் புழங்கும் சொல். அதே இடத்தில், ஈஸாவையும் அவர் தாயையும் இறைவனோடு சேர்த்து வணங்கியவர்களையே இது குறிக்கும் என்ற முற்காலத்தவர் கருத்தையும் தருகிறார்.

அப்படியானால் 5:116? மறுமையில் அல்லாஹ் ஈஸாவிடம், "அல்லாஹ்வை விட்டுவிட்டு என்னையும் என் தாயையும் இரண்டு கடவுள்களாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று மக்களிடம் நீர் சொன்னீரா?" என்று கேட்பான், அவர், "நீ தூயவன், எனக்கு உரிமையில்லாததை நான் எப்படிச் சொல்வேன்?" என்பார். மரியாள் பேச்சு வருவது இங்கேதான். இது யாரைப் பற்றியது என்பதில் உறுதி குறைவு. சிலர் சைப்ரஸ் தீவின் சலாமிஸ் நகர ஆயர் எபிபானியஸ் நான்காம் நூற்றாண்டில் எழுதியதை எடுத்துக்காட்டுவார்கள். அரேபியாவில் சில பெண்கள் மரியாளுக்கு ரொட்டி படைத்து வழிபட்டதாக அவர் கண்டித்து எழுதியிருக்கிறார். இணையத்தில் நம்மவர்கள் இதை ஆணித்தரமான ஆதாரம்போலப் பகிர்கிறார்கள். நான் அப்படிப் பகிரமாட்டேன். எபிபானியஸ் ஒருவரை மட்டுமே நம்பி நிற்கும் செய்தி அது. அவருக்கும் குர்ஆனுக்கும் நடுவில் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. அந்தக் குழு அதுவரை நீடித்தது என்பதற்குச் சான்று இல்லை.

எனக்கு வலுவாகப் படுவது வேறொன்று. குர்ஆன் "கடவுளாக எடுத்துக்கொண்டார்கள்" என்று சொல்லும்போது, ஒரு சங்கம் கூடி நிறைவேற்றிய கொள்கை அறிக்கையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. மனிதர்கள் நடைமுறையில் யாரிடம் போய் நிற்கிறார்கள் என்பதைப் பற்றிப் பேசுகிறது. 9:31-ஐப் பாருங்கள். வேதக்காரர்கள் தங்கள் அறிஞர்களையும் துறவிகளையும் ரப்புகளாக (இறைவர்களாக) எடுத்துக்கொண்டார்கள் என்கிறது. முன்பு கிறிஸ்தவராக இருந்து இஸ்லாத்துக்கு வந்த அதீ இப்னு ஹாதிம் (ரலி) அதைக் கேட்டதும், "நாங்கள் அவர்களை வணங்கவில்லையே" என்றார். உங்கள் தோழி சொன்ன அதே ஆட்சேபம்! நபி (ஸல்) அவர்கள், "அவர்கள் ஆகுமானதைத் தடுத்தபோதும் தடுத்ததை ஆகுமாக்கியபோதும் நீங்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லையா? அதுதான் அது" என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். திர்மிதீயின் ஹதீஸ் தொகுப்பில் வரும் இந்த அறிவிப்பின் தரம் பற்றிப் பேச்சு உண்டு. திர்மிதீயே அதன் அறிவிப்பாளர் ஒருவரைப் பற்றிக் குறிப்பு எழுதியிருக்கிறார். ஆனாலும் வசனத்தை இப்படிப் புரிந்துகொள்வது விரிவுரைகளில் பரவலாக இருக்கிறது. இதே அளவுகோலை 5:116-க்கு வைத்தால், "மரியாள் மூவொருமையில் ஒருவர்" என்று யாரும் நம்பியிருக்கவேண்டிய தேவையே இல்லை. அவரிடம் பிரார்த்தனை செய்து, இறைவனிடம் மட்டுமே கேட்கவேண்டியதைக் கேட்டார்கள் என்றாலே வசனம் பொருந்திவிடும். 431-இல் எபேசு சங்கம் மரியாளை "இறைவனின் தாய்" என்று அழைப்பதை உறுதிப்படுத்திய பிறகு அந்தப் பக்தி வேகமாகப் பரவியது. இது என் சாய்வு. முடிந்த முடிவாகச் சொல்லவில்லை. கத்தோலிக்கர்கள் வணக்கம் வேறு, வேண்டுதல் வேறு என்று பிரித்துச் சொல்வார்கள். புரொட்டஸ்டண்ட்காரர்களிலேயே பலர் அந்தப் பிரிவினையை ஏற்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

அரேபியாவில் இறைவனுக்கு மகன் இருப்பதாக யார் சொன்னார்கள் என்பதற்கு மட்டும் கல்லிலேயே சான்று இருக்கிறது. யமனில் ஆறாம் நூற்றாண்டின் முதல் பாதியைச் சேர்ந்த ஒரு ஹிம்யரிக் கல்வெட்டு, ரஹ்மானன் (ரஹ்மான், அருளாளன் என்ற இறைவனின் பெயர்) பெயராலும் அவன் மகன் வெற்றியாளனான கிறிஸ்துவின் பெயராலும் எழுதப்பட்டிருக்கிறது. யானைப் படையோடு நமக்குத் தெரிந்த அந்த அப்ரஹா, மஅரிப் அணையைச் செப்பனிட்டபோது 548 வாக்கில் வெட்டிய நீண்ட கல்வெட்டு, ரஹ்மானனின் ஆற்றலையும் அவன் மஸீஹையும் பரிசுத்த ஆவியையும் போற்றித் தொடங்குகிறது. இப்போது சூரா மர்யமின் 88-ஆம் வசனத்தைத் திறந்து பாருங்கள்: "ரஹ்மான் ஒரு மகனை எடுத்துக்கொண்டான் என்கிறார்கள்." ஏழாம் நூற்றாண்டு அரேபியாவில் இதைக் கேட்டவர்களுக்கு யாரைப் பற்றிய பேச்சு என்று புரியாமல் இருந்திருக்காது. குர்ஆன் அறியாத ஒரு மதத்தைப் பற்றிக் காற்றில் பேசவில்லை.

அடுத்தது "மகன்" விஷயம். "அவனுக்கு மனைவியே இல்லாதபோது பிள்ளை எப்படி இருக்கும்?" என்று 6:101 கேட்கிறது. இதைக் காட்டி, கிறிஸ்தவர்கள் இறைவனுக்கு உடலுறவைக் கற்பிக்கிறார்கள் என்று பேசுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அது தவறு. அந்த இடத்தில் முந்தைய வசனம், இறைவனுக்கு ஆண் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் கற்பித்தவர்களைப் பற்றியது. வானவர்களை இறைவனின் பெண்மக்கள் என்ற மக்கத்து இணைவைப்பாளர்களும் அதில் அடங்குவார்கள். இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததல்ல. 780-களில் பக்தாதில் கலீஃபா மஹ்தீ, கிழக்கின் திருச்சபைத் தலைவர் முதலாம் திமோத்தேயுவை அழைத்துப் பேசியபோது முதலில் கேட்டதே இதைத்தான்: இவ்வளவு கற்ற நீர், இறைவன் ஒரு பெண்ணை மணந்து மகனைப் பெற்றான் என்று சொல்லலாமா? திமோத்தேயு திருப்பிக் கேட்டார்: இறைவனைப் பற்றி அப்படிப்பட்ட பழிச்சொல்லை எவன் சொன்னான்? பிறகு, சூரியனிலிருந்து ஒளி வருவதுபோல, அறிவிலிருந்து சொல் பிறப்பதுபோல என்று காலத்துக்கு அப்பாற்பட்ட ஒரு உதித்தலை விளக்கினார்.

அஷ்அரீ வழி இறையியல் அறிஞரான காழீ பாகில்லானீயைப் பற்றி நம் பயான்களில் விரும்பிச் சொல்லப்படும் ஒரு சம்பவம் உண்டு. அவர் தூதராக பைசாந்தியத் தலைநகருக்குப் போனபோது, தலைமைப் பாதிரியாரிடம் "மனைவி மக்கள் நலமா?" என்று கேட்டாராம். அவர் அதற்கெல்லாம் மேலானவர் என்று சபையோர் கோபப்பட, "உங்கள் பாதிரியாருக்கே பொருந்தாததை இறைவனுக்குச் சொல்கிறீர்களே" என்றாராம். சாமர்த்தியமான பதில்தான். ஆனால் நிசேயா அறிக்கையை நம்புகிற ஒருவருக்கு அது பதில் ஆகாது. பாகில்லானீயின் ஆழம் தெரியவேண்டுமானால் அவருடைய தம்ஹீத் நூலுக்குத்தான் போகவேண்டும். இன்னொரு செய்தியும் சொல்கிறேன். 1215-இல் ரோமில் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம், இறைச் சாரத்தைப் பற்றி, அது பிறப்பிப்பதும் இல்லை, பிறப்பிக்கப்படுவதும் இல்லை என்று எழுதிவைத்தது. "லம் யலித் வலம் யூலத்" (அவன் பெறவும் இல்லை, பெறப்படவும் இல்லை) என்று தினமும் ஓதும் நமக்கு இது வியப்பாக இருக்கும். அவர்கள் பிறப்பிப்பதையும் பிறப்பதையும் சாரத்தில் வைக்காமல் ஆள்களுக்கு நடுவில் உள்ள உறவில் வைக்கிறார்கள். அந்தப் பிரிப்பு நிற்குமா என்பதுதான் உண்மையான விவாதம். கல்யாணம், மனைவி என்று பேசுவது விவாதமே அல்ல.

நிற்குமா? இங்கே எனக்கு மிகவும் பிடித்த பக்கம், 1210-இல் ஹெராத்தில் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ 4:171-க்கு எழுதியது. கிறிஸ்தவர்களின் கொள்கை மிகவும் புரியாததாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டுதான் தொடங்குகிறார். பிறகு சொல்கிறார்: "மூன்று" என்பது ஒரே இறைவனுக்கு மூன்று பண்புகள் என்ற பொருளில் இருந்தால் அதை மறுக்கவே முடியாது, நாமே அவனை அறிபவன், உயிருள்ளவன், ஆற்றலுள்ளவன், நாடுபவன் என்று பல பண்புகளால் சொல்கிறோமே! ஆனால் அவர்கள் பண்பு என்று பேர் வைத்தாலும் உண்மையில் தனித்தனி உள்ளமைகளாகவே அவற்றை நடத்துகிறார்கள். அதனால்தான் அதில் ஒன்று மட்டும் ஈஸாவுக்குள் இறங்கியது என்று சொல்ல முடிகிறது. தர்க்கத்தின் முடிச்சு முழுவதும் இந்த ஒரு வரியில் இருக்கிறது. பண்பு தன் உரியவனை விட்டுத் தனியாக எங்கும் போகாது. என் அறிவு என்னைவிட்டுப் போய் இன்னொருவரில் குடியேறி, அங்கிருந்து என்னிடமே பிரார்த்திக்காது. சுதன் பிதாவிடம் பிரார்த்திக்கிறார், பிதா சுதனை அனுப்புகிறார், இருவரும் ஒருவரையொருவர் நேசிக்கிறார்கள் என்றால் அங்கே நான், நீ என்று இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு சாரம் ஒன்று என்பது, மனிதர்கள் பலர் இருந்தும் மனிதத்தன்மை ஒன்று என்பதிலிருந்து எப்படி வேறுபடுகிறது? இந்தக் கேள்விக்கு நான் படித்த அரபுக் கிறிஸ்தவ நூல்களில் மனம் நிறைவாகும் பதில் கிடைக்கவில்லை. அவர்கள் பதிலே சொல்லவில்லை என்று சொல்லமாட்டேன்; நிறையச் சொல்லியிருக்கிறார்கள். பத்தாம் நூற்றாண்டு பக்தாதில் யஹ்யா இப்னு அதீ என்ற கிறிஸ்தவத் தத்துவ அறிஞர், முந்தைய நூற்றாண்டில் அபூ ஈஸா அல்வர்ராக் எழுதிய மறுப்பு நூலைப் பகுதி பகுதியாக முழுவதும் எடுத்தெழுதி ஒவ்வொன்றுக்கும் பதில் கொடுத்தார். வர்ராக்கின் மூல நூல் தொலைந்துபோய், அவரை எதிர்த்தவரின் நூல் வழியாகத்தான் இன்று நமக்குக் கிடைக்கிறது. வர்ராக்கின் சொந்தக் கொள்கை பற்றி முஸ்லிம்களிடையே சந்தேகம் இருந்தது, அது தனிக் கதை. ஆனால் மூன்று சபைகளின் நம்பிக்கையையும் அவர் விவரித்த துல்லியத்துக்கு ஈடு அந்தக் காலத்தில் குறைவு.

பாகில்லானீ இன்னொரு கேள்வி கேட்டார். உயிரும் அறிவும் இறைவனுக்கு இருப்பதால் ஆவி, வார்த்தை என்று இரண்டு உக்னூம்கள் என்றால், ஆற்றலும் இருக்கிறதே, அது ஏன் நான்காவது ஆகவில்லை? மூன்றோடு நிறுத்தியது எந்த நியாயத்தில்? உயிரும் அறிவும்தான் சாரத்தோடு ஒட்டியவை, மற்றவை அவற்றிலிருந்து வருபவை என்று அரபுக் கிறிஸ்தவர்கள் பதில் சொன்னார்கள். எனக்கு இது முடிவைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் தேடுவதாகப் படுகிறது. தோழி இதைக் கேட்டால், "நாங்கள் தர்க்கத்தால் மூன்றுக்கு வரவில்லை, இயேசுவின் வாழ்விலிருந்து வந்தோம்" என்பார். அது நேர்மையான பதில்தான். அப்போது பேச்சு எண்ணிக்கையை விட்டு ஈஸா (அலை) யார் என்பதற்கு நகரும். நகரவேண்டியதும் அங்கேதான்.

அதற்கு முன் நம் வீட்டுக்குள் இருக்கும் ஒன்றையும் சொல்லாமல் விட்டால் அது நியாயமில்லை. அல்லாஹ்வின் பேச்சு படைக்கப்பட்டதல்ல, அது என்றென்றும் உள்ள பண்பு என்பது அஹ்லுஸ் ஸுன்னாவின் (ஸுன்னி முஸ்லிம்களின்) கொள்கை. பண்புகள் அவனும் அல்ல, அவனுக்கு வேறானவையும் அல்ல என்று அஷ்அரீ இமாம்கள் வாசகம் அமைத்தார்கள். பகுத்தறிவை முன்னிறுத்திய இறையியல் பிரிவினரான முஃதஸிலாக்கள் இதைப் பார்த்து, "கிறிஸ்தவர் மூன்றைச் சொன்னார்கள், நீங்கள் ஏழு பண்புகளைச் சொல்கிறீர்கள்" என்கிற மாதிரி குத்திக்காட்டினார்கள். 833-இல் கலீஃபா மஃமூன் பக்தாத் ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், குர்ஆன் படைக்கப்படவில்லை என்பவர்கள், ஈஸா இறைவனின் வார்த்தை என்பதால் படைக்கப்படவில்லை என்ற கிறிஸ்தவர்களைப்போலப் பேசுகிறார்கள் என்று வெளிப்படையாகவே எழுதினார். ஆகவே, ஒரே இறைவனுக்குள் பன்மையை எப்படிப் பேசுவது என்ற கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைத்துக்கொண்டு பேசாதீர்கள். கற்ற கிறிஸ்தவர் இதை எடுத்துப் போடுவார். வேறுபாடு எங்கே என்றால், நம்மில் யாரும் "அல்லாஹ்வின் அறிவே, எனக்கு உதவு" என்று பண்பை அழைத்துப் பிரார்த்திப்பதில்லை. "உன் அருளைக்கொண்டு உதவி தேடுகிறேன்" என்று அவனைத்தான் அழைக்கிறோம். பண்பு எவ்வளவு நிலையானது என்றாலும் அது அழைக்கப்படும் ஒருவராக ஆவதில்லை.

சரி, ஈஸா (அலை) விஷயம். என் பார்வையில் இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் நடுவில் உள்ள மெய்யான பிளவு ஒன்றா மூன்றா என்ற கணக்கில் இல்லை. படைத்தவன் படைப்பாக ஆக முடியுமா என்பதில் இருக்கிறது. குர்ஆன் இதற்கு வைக்கும் வாதம் மிக எளிமையானது. 5:75-இல், மஸீஹ் ஒரு தூதர்தான், அவர் தாய் வாய்மையானவர் என்று சொல்லிவிட்டு, "இருவரும் உணவு உண்பவர்களாக இருந்தார்கள்" என்கிறது. அவ்வளவுதான். பசித்தவர், பசி தீர இன்னொன்றைத் தேடியவர், தேவையுள்ளவர். தேவையுள்ளவர் எல்லாவற்றுக்கும் தேவையாக இருப்பவன் ஆகமாட்டார். மாற்கு நற்செய்தியில் (13:32) அந்த நாளை மகனும் அறியார், தந்தை மட்டுமே அறிவார் என்று வரும் வாக்கியத்தையும் முஸ்லிம் அறிஞர்கள் தொடர்ந்து எடுத்துக்காட்டுகிறார்கள். கிறிஸ்தவர் இதற்கு, பசித்ததும் அறியாததும் மனித இயல்பில், அற்புதம் செய்தது இறையியல்பில் என்பார். நம் பதில்: பசித்தவர் யார்? இயல்பு பசிக்காது, ஆள்தான் பசிப்பார். அந்த ஆள் இறைவன் என்றால் இறைவன் பசித்தான் என்று ஆகிறது. கல்செதோனை ஏற்றவர்கள் இந்த முடிவை மறைக்காமல், "ஆமாம், மனித இயல்பின் வழியாக" என்று ஏற்கவே செய்கிறார்கள். அங்கே நாமும் அவர்களும் பிரிகிறோம். தவறான புரிதலால் அல்ல, நன்றாகப் புரிந்துகொண்டே பிரிகிறோம்.

"குர்ஆனே அவரை அல்லாஹ்வின் வார்த்தை, அவனிடமிருந்து ஓர் ஆன்மா என்கிறதே" என்று தோழி கேட்கலாம். உண்மை, 4:171-இல் இருக்கிறது. அதே வசனம் அவரைத் தூதர் என்றும், "மூன்று" என்று சொல்லாதீர்கள் என்றும் சொல்கிறது. தந்தையின்றி, "ஆகு" என்ற ஒரு சொல்லால் உண்டானவர் என்பதால் வார்த்தை. ஆதமைப்போல என்று 3:59 விளக்குகிறது. ஆன்மாவை அவனோடு சேர்த்துச் சொல்வது சிறப்பிப்பதற்காக. ஸாலிஹ் நபியின் ஒட்டகத்தை "அல்லாஹ்வின் ஒட்டகம்" என்று சொல்வதில்லையா, அதுபோல.

கிறிஸ்தவரின் ஆழமான ஆட்சேபம் ஒன்றுக்கு மட்டும் நான் எப்போதும் நிதானித்தே பதில் சொல்வேன். "உங்கள் இறைவன் தொலைவில் இருக்கிறான்; எங்கள் இறைவன் எங்கள் துன்பத்துக்குள் வந்தான்" என்பது அது. இது தர்க்கமல்ல, அவர்களின் உயிர். இதற்கு நான் ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் குத்ஸியை (அல்லாஹ்வின் சொல்லாக நபி எடுத்துரைத்ததை) சொல்வேன். மறுமையில் அல்லாஹ், "ஆதமின் மகனே, நான் நோயுற்றேன், நீ என்னைப் பார்க்க வரவில்லை" என்பான். "நீ அகிலங்களின் இறைவன், உன்னை எப்படி நலம் விசாரிப்பேன்?" என்று அடியான் கேட்க, "என் அடியான் இன்னான் நோயுற்றது உனக்குத் தெரியாதா? அவனைப் பார்க்கப் போயிருந்தால் என்னை அவனிடத்தில் கண்டிருப்பாய்" என்பான். மத்தேயு நற்செய்தியின் 25-ஆம் அதிகாரத்தைப் படித்தவர் உடனே நிமிர்ந்து உட்காருவார். நோயாளியின் அருகில் அல்லாஹ் இருக்கிறான், ஆனால் நோயாளியாக ஆகவில்லை. அடியான் எவ்வளவு நெருங்கினாலும் அடியான்தான். நம் தவ்ஹீதின் (ஏகத்துவத்தின்) நெருக்கம் இந்த வகையானது. இதை நாம் அதிகம் பேசுவதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

ஒரே இறைவனைத்தான் வணங்குகிறோமா? "எங்கள் இறைவனும் உங்கள் இறைவனும் ஒருவனே" என்று வேதக்காரர்களிடம் சொல்லச் சொல்வது குர்ஆன் (29:46). அரபுக் கிறிஸ்தவர்கள் இன்றும் அல்லாஹ் என்றே அழைக்கிறார்கள். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும், முஸ்லிம்கள் ஒரே இறைவனை வழிபடுகிறவர்கள் என்று மதிப்போடு எழுதியது. ஆகவே வானங்களையும் பூமியையும் படைத்த, இப்ராஹீமின் இறைவனைத்தான் இருவரும் முன்னோக்குகிறோம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் அவனைப் பற்றி அவர்கள் சொல்வதில் பாரதூரமான தவறு இருக்கிறது என்று குர்ஆன் சொல்வதையும் மழுப்பமாட்டேன். 5:73 அதை நிராகரிப்பு என்றே சொல்கிறது. அதே ஐந்தாம் அத்தியாயமான மாயிதா சூராவின் ஐந்தாம் வசனம் வேதக்காரர்களின் உணவையும் அவர்களின் கற்புள்ள பெண்களை மணப்பதையும் ஆகுமாக்கியிருக்கிறது. அவர்கள் சிலை வணங்கிகளின் கணக்கில் சேர்க்கப்படவில்லை. இரண்டு வசனங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்.

தோழியோடு எப்படிப் பேசுவது என்பதற்கு நஜ்ரான் கிறிஸ்தவர்கள் மதீனா வந்த சம்பவத்தைப் படியுங்கள். அவர்கள் மஸ்ஜிதுந் நபவியிலேயே கிழக்கு நோக்கித் தங்கள் தொழுகையை நிறைவேற்ற நபி (ஸல்) அனுமதித்தார்கள் என்று நபி வரலாறு எழுதிய இப்னு இஸ்ஹாக் எழுதுகிறார்; அதன் அறிவிப்பாளர் தொடர் வலுவானதல்ல. அவர்களின் தலைவர்கள் இருவர் முபாஹலாவுக்கு (பொய்யர் மீது இறைவனின் சாபத்தை வேண்டுவதற்கு) வந்து, பின்வாங்கி, நம்பிக்கையான ஒருவரைத் தங்களோடு அனுப்பும்படி கேட்டதும், அபூ உபைதா (ரலி) அனுப்பப்பட்டதும் புகாரியில் இருக்கிறது, அது உறுதியானது. கொள்கையில் ஒரு விரல்கூட விட்டுக்கொடுக்கப்படவில்லை. ஆனால் அவர்களே தங்கள் வாயால் பேசினார்கள், கேட்டுத்தான் பதில் சொல்லப்பட்டது. நீங்களும் தோழியிடம், "கிறிஸ்து பசித்தார் என்றால் பசித்தது யார் என்று உங்கள் சபையில் எப்படிச் சொல்வார்கள்?" என்று கேளுங்கள். அவர் கத்தோலிக்கரா, சிஎஸ்ஐயா, பெந்தெகொஸ்தா என்பதைப் பொறுத்துப் பதிலின் அழுத்தம் மாறலாம். நான் அவர்களை அறிந்தது பெரும்பாலும் பழைய அரபு நூல்கள் வழியாக. இன்றைய தமிழ்ச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதை அவரே என்னைவிட நன்றாகச் சொல்வார். அவர் சொன்னதை அப்படியே எழுதி அனுப்புங்கள், அதற்கு மேல் பேசுவோம், இன்ஷா அல்லாஹ்.